புது வண்டியும் பழைய அச்சும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் காணை, கெடார் என்று ஊர்கள் வரிசையாக வந்து, பாறைக் குன்றுகள் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில் கண்டாச்சிபுரம் இருக்கிறது. இப்போது அது ஒரு தாலுகாவின் தலைமையிடம். நான் சிறுவனாக இருந்தபோது தென்னார்க்காடு ஜில்லாவில் பத்தோடு பதினொன்றான கிராமம். இராமநாதீசுவரர் கோயில், ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் மல்லாட்டைக் கொல்லை. (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம்.) என் அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. சென்ற தை மாதம் பொங்கல் கழித்துப் போயிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தேனோ இல்லையோ, அக்காள் மகன் எதிரே வந்து உட்கார்ந்தான். அரிசி ஆலையும் நான்கு லாரிகளும் வைத்து நடத்துகிறவன். வீண் பேச்சுப் பேசத் தெரியாதவன்.

"மாமா, ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன். புதுசா வாங்கட்டுமா, ஓடினதா வாங்கட்டுமா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எழுதிய நாவல்களில் எத்தனையோ பேருக்குக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மிராசுதாருக்குப் பியூக், டாக்டருக்கு ஹெரால்டு, வில்லனுக்குக் கறுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. ஆனால் அவற்றில் ஒன்றுக்காவது நான் பணம் கட்டியதில்லை. பெட்ரோல் போட்டதும் இல்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து யோசனை கேட்கிறானே!

"என்ன கார்?" என்று கேட்டு வைத்தேன்.

பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசையில் எம் 340 ஐ என்று ஒரு வண்டி. 2021 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் என்ஜின், 387 குதிரைத் திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு 4.4 விநாடி. வந்த நாளில் அதன் விலை 62 லட்சத்து 90 ஆயிரம். வரியும் இன்ஷூரன்ஸும் தனி. இதையெல்லாம் அவன் கணக்குப் பிள்ளை போல ஒப்பித்தான். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "அந்தப் பணத்துக்குக் கெணறோட நெலம் வாங்கலாம். இவன் என்னடான்னா நாலு விநாடிக்குக் காசு குடுக்கறேன்றான்."

அக்கா சொன்னதில் தவறில்லை. கண்டாச்சிபுரம் சாலையில் மல்லாட்டையும் நெல்லும் காயப்போடும் நாட்களில் எந்த வண்டியும் மாட்டு வண்டி வேகத்தில்தான் போக முடியும். ஆனால் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அத்தானுக்கு, அதாவது அவன் தகப்பனாருக்கு, கண்ணில் நீர் அழுத்த வியாதி. பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக் கொண்டு வருகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்பாவுக்குக் கண்ணு தெரியறப்பவே முன் சீட்டில உட்கார வெச்சு மெட்ராஸ் வரைக்கும் ஒரு தடவை அழைச்சிட்டுப் போகணும் மாமா. புதுசுன்னா பதிவு பண்ணிட்டு மாசக் கணக்கில காத்திருக்கணும். ஓடினதுன்னா இப்பவே கெடைக்கும். ஆனா ஏமாந்துட்டா?"

கூடத்தில் சாய்வு நாற்காலியில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உள்ளே என்ஜின் யாரோடதுடா?"

பையனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அத்தானுடைய கதை மட்டுமல்ல. நம் தேசத்தில் கார் வாங்கிய எல்லாருடைய கதையும் அதில் அடக்கம்.

*

ஆதியில் நம்மவர்கள் கார் வாங்கிய முறையே வேறு. சென்னையில் சிம்சன் கம்பெனி 1840 முதல் குதிரை வண்டிகள் கட்டிக் கொண்டிருந்தது. அந்தப் பட்டறையிலேயே 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். மோட்டார் வண்டிகள் கப்பலேறி வரத் தொடங்கிய பிறகு, பெரிய மனிதர்கள் பெரும்பாலும் என்ஜினும் சட்டமும் சக்கரமும் மட்டும் சீமையிலிருந்து வரவழைப்பார்கள். மேல்கூடு இங்கே கட்டப்படும். பல்லக்குக்கும் கோச்சு வண்டிக்கும் வேலை செய்து பழகிய தச்சர்களும் தோல் வேலைக்காரர்களும் அதைக் கட்டினார்கள். ஆகவே அந்தக் காலத்தில் ஒருவன் முதலில் தேர்ந்தெடுத்தது என்ஜினை. அழகு அதற்கு அப்புறம். சென்னையில் சொந்தமாகக் கார் வைத்துக்கொண்ட முதல் இந்தியர் என்று பெயர் பெற்ற கட்டட நிபுணர் நம்பெருமாள் செட்டியார் வாங்கியது பிரெஞ்சு தேசத்து டி டியோன் வண்டி. உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய மனிதர். அஸ்திவாரம் பார்க்காமல் வாங்கியிருக்கமாட்டார்.

பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. ஃபோர்டு 1926இல் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. சென்னையிலும் அதற்குக் கிளை இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. பாகங்கள் பெட்டிகளில் வரும். இங்கே பூட்டி விற்பார்கள். டெட்ராய்ட்டில் இந்த வருஷம் என்ன வண்டியோ, கொஞ்ச நாளில் மவுண்ட் ரோட்டிலும் அதே வண்டி. புதுசு என்றால் அப்போது உண்மையாகவே புதுசு.

சுதந்திரம் வந்தது. கார்களை நாமே செய்யவேண்டும் என்று அரசாங்கம் தீர்மானித்தது. நியாயமான ஆசைதான். முழுக் கார்கள் வெளிநாட்டிலிருந்து வருவதற்குத் தடை வந்தது. 1953இல் சுங்க வரிக் கமிஷன், பூட்டி விற்பதோடு நிற்காமல் இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் செய்ய மிஞ்சியவர்கள் முக்கியமாக மூவர்: கல்கத்தா பக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி.

இங்கேதான் புதுசு, பழசு என்கிற சொற்களுக்கே அர்த்தம் மாறிப்போயிற்று.

ஒரு காரின் உடம்பைச் செய்ய வேண்டுமானால் முதலில் தகடு அடிக்கும் அச்சுகள் வேண்டும். வீட்டுக் கொலுவுக்குப் பொம்மை அச்சு எப்படியோ, காருக்கு இது அப்படி. கதவுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று ராட்சச இரும்பு அச்சுகள். புதிதாகச் செய்வதென்றால் கோடிக்கணக்கில் ஆகும். அந்தச் செலவைத் தாங்க லட்சக்கணக்கில் வண்டிகள் விற்கவேண்டும். நம் நாட்டிலோ வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில்தான் விற்றன. ஆகவே சீமையில் ஒரு மாடலை நிறுத்தும் தறுவாயில், அந்த அச்சுகளையும் உரிமையையும் வாங்கி வருவது என்று ஏற்பட்டது. 1957இல் வந்த அம்பாஸடர், ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. அதன் தாய்நாட்டில் 1959இல் அது போய்விட்டது. இங்கே 2014 வரைக்கும் வந்துகொண்டிருந்தது. பத்மினி என்று பின்னால் பெயர் பெற்ற பிரீமியர் வண்டி, இத்தாலிய ஃபியட் 1100. சென்னையிலிருந்து 1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959இல் பிறந்த டிரயம்ப் ஹெரால்டு. ஹெரால்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இங்கிலாந்தில் இரண்டே கதவோடு இருந்த அந்தப் பெண்ணுக்கு நான்கு கதவு வைத்துப் பார்த்தவர்கள் சென்னைக்காரர்கள்தாம்.

ஆக, நம்முடைய தகப்பனார்கள் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வாசலில் பூஜை செய்து எடுத்து வந்த புதுக் கார்கள் எல்லாம் ஒரு விதத்தில் பழைய கார்கள். இரும்பு புதுசு, வடிவம் இன்னொரு நாடு உடுத்திக் களைந்தது. அதற்கும் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கவேண்டும். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. கடை விலைக்குப் புதுக் கார் கிடைக்காத காரணத்தால், ஓடிய ஃபியட்டுக்குக் கடை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள்! பழசின் விலை புதுசைத் தாண்டிய தேசம் நம்முடையது.

வசதி படைத்தவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் தங்கள் கார்களோடு டில்லிக்கு வருவார்கள். உத்தியோகம் முடிந்து போகும்போது அவற்றை விட்டுவிட்டுப் போவார்கள். 1956இல் ஏற்பட்ட அரசாங்க வர்த்தகக் கார்ப்பரேஷன் அவற்றைப் பொது மக்களுக்கு விற்கும். பெரிய அமெரிக்க வண்டிகள், ஜெர்மன் பென்ஸ்கள் எல்லாம் அப்படித்தான் சினிமாக்காரர்கள் வீட்டுக்கும் மில் முதலாளிகள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. மூன்று நான்கு வருஷம் ஓடிய அந்த வண்டி, அன்று காலை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நம் புதுக் காரைவிட வயதில் இளையது. ஆனால் ஒரு கண்ணாடி உடைந்தால் முடிந்தது கதை. அதற்கு மாற்றுக் கண்ணாடி ஆண்டவன் கொடுத்தால்தான் உண்டு. அந்த யானைகளில் பல, கொட்டகையிலேயே நின்று உயிரை விட்டன. எந்த வண்டியும் வாங்க முடிந்த எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது சவாரி செய்தது அம்பாஸடரில். டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண்ணுள்ள அந்த வண்டி தியாகராயநகர் நினைவில்லத்தில் நிற்கிறது. மூலை முடுக்கிலும் அதைப் பழுது பார்க்க ஆள் உண்டு என்பது அம்பாஸடருடைய பெரிய ஐசுவரியம்.

*

இனி அத்தானுடைய கதைக்கு வருகிறேன்.

1985இல் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி ஒரு காரியம் செய்தது. சில வருஷங்களாகக் கார் உற்பத்தியையே நிறுத்தி வைத்திருந்த அந்தக் கம்பெனி, திடீரென்று ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு சொகுசுக் காரை வெளியே கொண்டு வந்தது. நீளமான மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் முதுகு. அம்பாஸடரின் உருண்டை முதுகையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஆகாயத்திலிருந்து இறங்கிய வண்டி மாதிரி இருந்தது. விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு நாள் அது நின்றபோது, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அதன் பிறப்பு உயர்ந்த இடம்தான். 1976இல் இங்கிலாந்தில் ரோவர் கம்பெனி வெளியிட்ட எஸ்.டி. 1 என்ற வண்டி அது. உருவம் கொடுத்தவர் டேவிட் பாஷ். இத்தாலியப் பந்தயக் கார்களின் சாயலைக் குடும்பக் காரில் கொண்டு வந்தவர். 1977ஆம் வருஷத்துக்கு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது அதற்குக் கிடைத்தது. உள்ளே எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் என்ஜின், 155 குதிரைத் திறன். அங்கே போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலைகளில் துரத்திப் பிடிக்க வைத்துக்கொண்டிருந்த வண்டி.

அதில் ஒரு ரகசியம் உண்டு. அந்த எட்டு சிலிண்டர் என்ஜினே ரோவர்காரர்கள் புதிதாகச் செய்ததல்ல. அமெரிக்காவில் பியூக் கம்பெனி 1961இல் கொண்டுவந்து, இரண்டு மூன்று வருஷத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்ட என்ஜின். 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. வருஷக் கணக்கில் அதைத் திருத்தித் திருத்தி, பல கார்களிலும் ரேஞ்ச் ரோவரிலும் வைத்துப் பெரும்பெயர் வாங்கியது. பழசை வாங்குவது தவறில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சென்னைக்கு வந்த ரோவரில் அந்த என்ஜின் வரவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. பெரிய என்ஜினுக்கு நம் நாட்டில் பெட்ரோல் போட யாரால் முடியும்? வெளியிலிருந்து வாங்க அந்நியச் செலாவணி எங்கே? கம்பெனியிடம் கையில் ஏற்கெனவே ஒரு என்ஜின் இருந்தது. நான்கு சிலிண்டர், 1991 சி.சி.; கம்பெனியின் வேன்களை இழுத்துக்கொண்டிருந்த என்ஜின். நம் சாலைகளின் மேடுபள்ளத்துக்காக வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, அந்த என்ஜினை உள்ளே வைத்துவிட்டார்கள். அதன் வம்சம் 1940களைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனி, யுத்தம் முடிந்த கையோடு வாங்கார்டு காருக்கும் ஃபெர்குஸன் டிராக்டருக்கும் சேர்த்துச் செய்த வம்சம். நல்ல உழைப்பாளி. ஆனால் உழவுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே மாடு சரிப்படுமா?

அத்தானுக்கு அந்தக் கார்மீது கொள்ளை ஆசை. ஐந்து வருஷம் மல்லாட்டையில் மிச்சம் பிடித்த பணம் கையில் இருந்தது. 1986இல் ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார். தெரிந்தவர் ஒருவர் அந்தக் கார் வாங்கியிருந்தார். அதில் ஏறி அடையாறு வரையில் போய்வந்தோம். மெத்தென்ற ஆசனம், அமைதியான சவாரி. அத்தான் முகத்தில் கலியாண மாப்பிள்ளையின் களை. இறங்கியதும் அந்த வீட்டுக்கு வழக்கமாக வருகிற வயதான மெக்கானிக்கிடம், "பானெட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்றார்.

மெக்கானிக் தூக்கிக் காட்டினார். அந்தப் பரந்த இடத்தின் நடுவே, பெரிய வீட்டில் குடியேறிய ஏழை உறவினரைப் போல அந்த என்ஜின் உட்கார்ந்திருந்தது. அதன் பூர்வோத்தரத்தை மெக்கானிக் சொன்னார். வாங்கார்டு, அதற்கும் பக்கத்தில் டிராக்டர் என்று அவர் சொல்லிக்கொண்டே வரும்போது அத்தான் முகம் மாறியது.

"டிராக்டரா?"

"ஆமாங்க. ஃபெர்குஸன் டிராக்டருக்கும் இந்தச் சாதி என்ஜின்தான். நல்ல என்ஜினுங்க, கெடாது. ஆனா இந்த ஒடம்புக்கு இது போதாது."

திரும்பி வரும்போது செங்கல்பட்டு வரையில் அத்தான் வாய் திறக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "மாப்பிள்ளே, உள்ளே இருக்கறது டிராக்டர்னா, நேரா டிராக்டரையே வாங்கிட்டா என்ன?"

அப்படியே செய்தார். அந்தச் சித்திரையிலேயே கண்டாச்சிபுரம் வீட்டு வாசலில் சிவப்பு டிராக்டர் வந்து நின்றது. டாஃபே கம்பெனி செய்த மாஸி ஃபெர்குஸன். அதாவது அதே ஃபெர்குஸன் குடும்பப் பெயர்! அந்த டிராக்டர் சொந்த நிலத்தையும் உழுதது. சுற்று வட்டாரத்தில் வாடகைக்கும் உழுதது. அந்த வருமானத்தில்தான் அரிசி ஆலை எழுந்தது. ஊரார் அத்தானைக் கெட்டிக்காரர் என்றார்கள். ஆனால் அவர் பெட்டிக்குள் அந்தக் காரின் வர்ணப் படம் போட்ட விளம்பரத் தாள் ஒன்று மடித்தபடியே இருந்ததை அக்கா எனக்குக் காட்டியிருக்கிறாள்.

ஸ்டாண்டர்டு 2000 நிலைக்கவில்லை. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், உருவத்துக்கு ஏற்ற வேகம் இல்லை என்று பேச்சு எழுந்தது. 1988இல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடிற்று. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். மிஞ்சிய ரோவர் பாகங்களைப் பின்னால் இங்கிலாந்திலிருந்து ஒரு உதிரிப் பாக வியாபாரி வாங்கிக்கொண்டு போனார். கடல் தாண்டி வந்த கதவுகளும் தகடுகளும் மறுபடி கடல் தாண்டிப் பிறந்த ஊருக்கே போய், அங்கே பழைய ரோவர்களைப் பிழைக்க வைத்தன.

அந்தக் கம்பெனியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அதே காலத்தில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். 1984இல் வந்த காண்டெஸா, ஆங்கில வாக்ஸாலின் பழைய உருவம். முதலில் அதற்குள் வைத்தது அம்பாஸடர் என்ஜின். பிரீமியரின் 118 என்.இ., 1966இல் பிறந்த இத்தாலிய ஃபியட்டின் உடம்பு. உள்ளே ஜப்பானிய நிஸான் என்ஜின். பின்னால் காண்டெஸாவுக்கும் ஜப்பானிய இசுஸு என்ஜின் கிடைத்தது. அதன் பிறகுதான் அந்த வண்டி மூச்சுவிட்டது. 2002 வரை வந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 உருவத்தில் சிறியதானாலும், உடம்பும் உயிரும் ஒரே இடத்தில் பிறந்தது. ஜனங்கள் எதை விரும்பினார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

*

இந்த வரலாறு முழுவதும் ஒரே சாலையில் கிடக்கிறது. விழுப்புரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடில் வடக்கே போனால் திண்டிவனம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு. அதைத் தாண்டியதும் மகேந்திரா சிட்டி; அங்கே 2007இல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தது. மருமகன் கேட்ட எம் 340 ஐ பூட்டப்படுவது அங்கேதான். இன்னும் சற்று வடக்கே மறைமலைநகர். 1954 வாக்கில் நம்மை விட்டுப் போன ஃபோர்டு, தொண்ணூறுகளில் திரும்பி வந்து அங்கே பெரிய தொழிற்சாலை கட்டியது. 2021இல் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் அங்கே கடைசிக் கார் வெளிவந்தது. அதற்கும் வடக்கே வண்டலூர், பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது அங்கே. ஒன்று ஓடுகிறது, ஒன்று நின்றது, ஒன்று சுவடில்லாமல் போயிற்று. கார் வாங்கப் போகிறவன் இந்த இருபது முப்பது கிலோமீட்டரை ஒருமுறை கவனித்துக்கொண்டு போனால் போதும்.

1991க்குப் பிறகு கதவுகள் திறந்தன. திறந்த பிறகும் பழைய பழக்கம் உடனே போகவில்லை. 1995இல் பூனாவில் மெர்ஸிடிஸ் பென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். அது டபிள்யூ 124 என்ற உருவம். அதே 1995இல் ஐரோப்பாவில் அதற்கு வாரிசாகப் புது உருவம் வந்துவிட்டது! நல்ல வண்டிதான், ஆனாலும் ஜனங்கள் இப்போது விவரம் தெரிந்தவர்கள். சில வருஷங்களில் நம் நாட்டுக்கும் புது உருவமே வந்தது. இன்று மகேந்திரா சிட்டியில் பூட்டப்படுவதும் மியூனிச்சில் ஓடுவதும் ஒரே தலைமுறை. எங்கள் அத்தான் தலைமுறை கேள்விப்படாத அதிசயம் இது.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னேன்: "புதுசா பழசா என்று கேட்காதே. அது ரெண்டாவது கேள்வி. உங்கப்பா கேட்டது முதல் கேள்வி. உடம்புக்கேற்ற உயிரா? அது சரி என்றால் அடுத்தது, இந்த வண்டிக்குப் பின்னால் நிற்க ஆள் உண்டா? பாகம் கிடைக்குமா, பழுது பார்க்கத் தெரிந்தவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்? இந்த ரெண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் பணமும் சரித்திரமும்தான். புது வண்டிக்கு முதல் ரெண்டு மூன்று வருஷத்தில் விலை சரிவது ஏராளம். அந்த நஷ்டத்தை வேறொருவர் தாங்கிக்கொண்டார் என்றால் உனக்கு லாபம். ஆனால் அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்கிற சரித்திரத்தை நீ படித்தாகவேண்டும்."

படிக்கத்தான் போனான். சென்னையில் ஓடிய சொகுசுக் கார்கள் விற்கும் ஓர் இடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். கண்ணாடி போல் மின்னிக்கொண்டு ஒரு வண்டி நின்றது. மீட்டரில் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். பையன் மயங்கிவிட்டான். எங்களோடு வந்திருந்த கிழ லாரி டிரைவர் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு, அது செய்யப்பட்ட வாரம். கடைசி இரண்டு, வருஷம். வண்டி பிறந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த டயர்கள்! பத்தொன்பதாயிரத்தில் நான்கு டயரையும் யார் மாற்றுகிறார்கள்? பிறகு கதவைத் திறந்து பிரேக் பெடலைக் காட்டினார். அதன் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"மீட்டரைத் திருப்பலாம் தம்பி. கால் வெச்சு அழுத்தினதைத் திருப்ப முடியுமா?" என்றார்.

பேசாமல் வந்துவிட்டோம். இரண்டு மாதம் தேடிய பிறகு, வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒரு குடும்பத்திடமிருந்து வேறொரு வண்டி கிடைத்தது. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றியதற்கும் ரசீது, கம்பெனிப் பட்டறையின் பதிவு, ஒரு சிறிய உரசலுக்கு இன்ஷூரன்ஸ் வாங்கிய கணக்கு வரைக்கும் மறைக்காமல் எடுத்து வைத்தார்கள். அந்த உரசலைச் சொன்னதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது மருமகன் கை நடுங்கிற்று. அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குத் திருஷ்டி கழிக்கக் கற்பூரம் மட்டும் எடுத்து வந்தாள்.

பங்குனி மாதம் ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். முன் சீட்டில் அத்தான். கெடார் வரையில் நெல் காய்ந்த சாலையில் வண்டி பூனை போல் நடந்தது. விழுப்புரம் தாண்டி நான்கு வழிச் சாலை வந்ததும் பையன் காலைச் சற்றே அழுத்தினான். முதுகை யாரோ பின்னாலிருந்து தாங்கித் தள்ளுவதுபோல் இருந்தது. அத்தான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "போதும், போதும்" என்றார். முகத்தில் மாத்திரம் போதாது என்று எழுதியிருந்தது.

வண்டலூர் தாண்டும்போது, "கொஞ்சம் நிறுத்து" என்றார். ஓரமாக நிறுத்தினோம். கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைகளும் மாடி வீடுகளும் பஸ்களுமாக இருந்தது. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லை. கண்ணு சரியாத் தெரியலை" என்றார் அத்தான்.

நான் சொன்னேன்: "எனக்கும் தெரியலை அத்தான். அங்கே இப்ப ஒண்ணும் இல்லை."

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றச் சொன்னார். வண்டி நகர்ந்ததும் முன்னால் இருந்த பலகையைக் கையால் ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, நான் அன்னிக்குக் கேட்டேனே, நீ சொல்லலையே. உள்ளே என்ஜின் யாரோடது?"

"அவங்களோடதேதாம்ப்பா. இந்த வண்டிக்குன்னே செஞ்சது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அத்தான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.